சம்பந்தி கண்கலங்கிய விருந்து

ஜிந்தோங் கரை,
நான்காம் மாதக் கடைசி.

அன்பு மகள் யோன்சிம்முக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் மிரானும் நல்ல உடம்போடு இருக்கிறோம், கறுப்புக் கோழிக்குத்தான் இரண்டு நாளாகக் கழுத்து சாய்ந்திருக்கிறது, அதுவும் தேறிவிடும். நீ அந்தக் குளிர் தேசத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஆஸ்பத்திரியில் ராத்திரி முறை முடிந்து வரும்போது காதை மூடிக்கொண்டு வருகிறாயா என்பதை ஒளிக்காமல் எழுது. இந்தக் கடிதத்தை நான் சொல்லச் சொல்ல உன் தங்கை மிரான் எழுதுகிறாள். இது கடலில் எடுக்கும் மிதொதோக்கை உரிக்கும் காலம் என்பது உனக்கே தெரியும், என் பத்து விரலிலும் கத்திக் கீறல், பேனாவைப் பிடித்தால் உப்பு எரிகிறது. நான் வாய்க்கு வந்தபடி சொல்வதை இவள் பள்ளிக்கூட நடையில் திருத்தித் திருத்தி எழுதுகிறாள், அம்மா எப்போது இவ்வளவு படித்தாள் என்று பயந்துவிடாதே. நடுநடுவே அடைப்புக்குறிக்குள் வருவது அவளுடைய சொந்தச் சரக்கு. அது வேண்டாம் என்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறாள், அதனால் விட்டுவிட்டேன்.

உன் அப்பா அடித்த தந்தி கிடைத்திருக்கும். கல்யாணம் நிச்சயம் என்று அதில் இருந்ததைப் படித்து நீயும் சாங்க்வொனும் எப்படிச் சந்தோஷப்பட்டீர்களோ, நான் கண்ணால் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. தந்தியில் இருந்தது பொய்யில்லை, ஆனால் அது எப்படி மெய்யானது என்பதைத் தந்தியில் அடக்க முடியாது, அடக்க முடிந்தாலும் தபால் ஆபீஸ்காரர்கள் முன்னால் சொல்லக்கூடியதும் இல்லை. தன் அப்பா சம்மதம் இல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொள்ள மாட்டேன் என்று சாங்க்வொன் சொல்லிவிட்டான், அவன் நல்ல பிள்ளை, எனக்கு அவனை மட்டும்தான் பிடித்திருக்கிறது என்று நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பெரியவர் நினைப்பாகவே இருந்தது. நீங்கள் இரண்டு பேரும் ஜெர்மனியில், அவன் சுரங்கத்துக்குள், நீ ஆஸ்பத்திரிக்குள். இங்கே பெண்ணும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் பெற்றவர்கள் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் லேசான காரியமா. அதிலும் அவர்கள் போவுன் மலைக்காரர்கள், கடலை அதற்கு முன் பார்த்ததே இல்லையாம். அந்த ஊர்ப் பேச்சும் உனக்குத் தெரியும், ஒரு வாக்கியம் தொடங்கினால் முடிவதற்குள் நாம் ஒரு கூடை மீனை ஆய்ந்துவிடலாம்.

விருந்துக்கு என்ன சமைப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. இந்த மாதத்தில் மிதொதோக்கை விட்டால் ஜிந்தோங்கில் வேறென்ன இருக்கிறது. நம் சிப்பிக் கயிற்றில் ஒட்டிக்கொண்டு சிப்பிக்கு வரவேண்டிய இரையைத் தின்கிற பீடை என்று உன் அப்பா திட்டுவார், ஆனால் குழம்பில் போட்டால் முதல் ஆளாகக் கிண்ணத்தை நீட்டுவார். அன்று விடிந்ததிலிருந்து நானே உட்கார்ந்து உரித்தேன். கட்டைவிரல் பருமனில் சுருங்கிய கிழங்கு போல இருக்கும் அதன் பழுப்புத் தோலைக் கத்தி முனையில் சுற்றிச் சுற்றிச் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வில் கத்தி படக்கூடாது, பட்டால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஓடி அது தொய்ந்துவிடும். அன்று ஒன்றுகூடத் தொய்யவில்லை. எல்லாம் பலூன் மாதிரி கும்மென்று இருந்தன. எனக்கே கர்வமாக இருந்தது, அந்தக் கர்வம்தான் வினை. (அக்கா, அந்தத் தோல் செல்லுலோஸ் என்ற பொருளால் ஆனது. பருத்தி நூலிலும் இந்தக் காகிதத்திலும் இருப்பது அதே பொருள்தான். செடிகள் செய்வதைத் தன் உடம்பிலேயே செய்துகொள்ளும் விலங்கு இந்த இனத்தை விட்டால் வேறு இல்லை என்று புத்தகத்தில் இருக்கிறது. அம்மா உரித்துப் போடும் குவியலைப் பார்த்தால் இனிமேல் எனக்குக் குப்பையாகத் தோன்றாது.)

அவர்கள் மதிய பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். சம்பந்தி நெடுநெடுவென்று உயரம், வெள்ளை உடுப்பு, கஞ்சி போட்ட தொப்பி, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. சம்பந்தியம்மாள் அவருக்கு மூன்றடி பின்னால் குனிந்த தலை நிமிராமல் வந்தாள். நான் வழி நன்றாக இருந்ததா என்று கேட்டால் அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆமாம் என்கிறாள். உன் அப்பா அரிசிக் கள்ளை ஊற்றி ஊற்றி உபசாரம் செய்தார், தானும் பாதி குடித்தார். நான் சோயா விழுதுக் குழம்பை மண்சட்டியோடு கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். முள்ளங்கி, பச்சை மிளகாய், மேலே கும்மென்று மிதக்கும் மிதொதோக். சம்பந்தி அதை உற்றுப் பார்த்துவிட்டு, "இது... கிழங்கா, மீனா?" என்று கேட்டார்.

அதற்கு நானோ உன் அப்பாவோ பதில் சொல்லியிருக்க வேண்டும். தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருந்த மிரான் அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டும் இல்ல மாமா, இது நமக்குச் சொந்தக்காரங்க" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. "சிப்பி, நண்டெல்லாம் நமக்கு ரொம்பத் தூரத்து உறவு. இது கிட்டத்து உறவு. பொறந்தப்ப தலைப்பிரட்டை மாதிரி இருக்கும், வாலுக்குள்ள முதுகெலும்புக்கு ஆதியா ஒரு தண்டு இருக்கும், நரம்பு இருக்கும், கண்ணுப்பொட்டு இருக்கும், கடுகளவு மூளைகூட இருக்கும். நீந்திப் போயி ஒரு இடத்தப் பாத்து முகத்தால ஒட்டிக்கும். ஒட்டுன பிறகு நீந்தற வேலை இல்லையே, அதனால வால், கண்ணு, மூளை எல்லாத்தையும் தனக்குள்ளயே கரைச்சு முழுங்கிடும். அப்புறம் ஆயுசு பூரா ஒரு வாயால தண்ணிய இழுத்து இன்னொரு வாயால விடறதுதான் வேலை" என்று பாடம் ஒப்பிக்கிறாள். கல்யாணம் பேச வந்த வீட்டில், ஓர் இடத்தில் ஒட்டியதும் மூளையைக் கரைத்துக்கொள்வதைப் பற்றியா பேசுவது. உன் அப்பா வேறு, "நானும் அப்படித்தான் சம்பந்தி, இவளக் கட்டிக்கிட்ட அன்னிக்கே எல்லாம் கரைஞ்சுபோச்சு" என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். சம்பந்தி சிரிக்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அதன் உடம்பில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இருப்பதைப் பற்றி மிரான் வாயைத் திறப்பதற்குள் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். (இன்னும் நீலமாக இருக்கிறது. ஆனால் அது உண்மை.)

இப்போது நடந்ததைக் கவனமாகக் கேள். நம் வழக்கப்படி இருப்பவர்களில் பெரியவர் கரண்டியை எடுத்து ஒரு வாய் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் தொடலாம். ஜிந்தோங்கில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும், மிதொதோக்கைச் சட்டியிலிருந்து எடுத்ததும் வாயில் போடக்கூடாது, மேலே ஆறினாலும் உள்ளே கொதிதண்ணீர் அப்படியே இருக்கும், சோற்றின் மேல் வைத்து ஆறவிட்டு, ஓரத்தில் பல்லால் மெல்லக் குத்தித் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் மெல்ல வேண்டும். சிறு வயதில் ஒரு தடவை அண்ணம் வெந்துதான் நாம் எல்லோரும் கற்றுக்கொண்டோம். அங்கே அது தெரிந்தவர்கள் மூன்று பேர் கரண்டியைத் தொடாமல் மரியாதையாகக் காத்திருக்கிறோம், தெரியாத பெரிய மனிதர்தான் முதலில் சாப்பிட வேண்டியவர். அவர் பார்த்துக் கற்றுக்கொள்ள முன்னால் யாரும் இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எப்படிச் சொல்வது என்று நான் தயங்கினேன், பிறகு தயக்கத்தை விட்டு வாயைத் திறந்தேன். அப்போது பார்த்து அவர் கரண்டியில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தச் சம்பந்தத்தப் பத்தி..." என்று ஆரம்பித்துவிட்டார். எந்தச் சொல்லுக்காக இத்தனை மாதம் காத்திருந்தோமோ அது வருகிறது, நடுவில் புகுந்து குழம்பு சுடும் என்று சொல்ல முடியுமா. "நாங்க... வீட்டுல... பலவிதமா யோசிச்சுப் பாத்ததுல... என் மனசுக்குப் பட்டது என்னன்னா..." அடுத்த சொல்லை யோசித்துக்கொண்டே கரண்டியில் இருந்ததை வாயில் போட்டு ஒரே கடி.

உள்ளே வெடித்த சத்தம் எனக்கே கேட்டது. மனிதர் அசையவில்லை. சம்பந்தி வீட்டில் முதல் விருந்தில் முதல் வாயைத் துப்ப முடியுமா, துப்பினால் அந்தப் பெண்ணே வேண்டாம் என்று துப்பியதாக ஆகிவிடும் அல்லவா. கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு விழுங்கினார். முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்தது. பிறகு இரண்டு கண்ணிலிருந்தும் பொலபொலவென்று கண்ணீர் இறங்கியது, கன்னத்தில் ஓடித் தாடியில் சொட்டியது. சம்பந்தியம்மாள் அன்றைக்கு முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினாள். "மாமியார் செத்தன்னிக்குக்கூட இவரு அழுது நான் பாக்கல. மகனுக்கு ஒரு நல்லது நடக்குதுன்னதும் பேச்சே வரலயே இவருக்கு" என்று சொல்லிவிட்டு அவளும் அழ ஆரம்பித்தாள். உன் அப்பாவுக்குக் கேட்க வேண்டுமா, எழுந்து போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணுக்கு இப்படி ஒரு மாமனாரா" என்று விம்மினார். பாவம், சம்பந்தி வாயில் கொஞ்சம் காற்று போகட்டும் என்று குனிந்து குனிந்து மூச்சு வாங்கினார், அதைத் தலையாட்டுவதாக எடுத்துக்கொண்டு அடுத்த வசந்தத்தில் நீங்கள் ஊர் வந்ததும் கல்யாணம் என்று உன் அப்பாவும் சம்பந்தியம்மாளும் முடிவு செய்துவிட்டார்கள். சம்பந்தி போகும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. குளிர்ந்த தண்ணீர் மட்டும் செம்பு செம்பாகக் குடித்தார்.

ஜிந்தோங்கில் பிறந்தவளுக்கு அந்தக் கண்ணீர் எதனால் வந்தது என்று தெரியாமல் இருக்குமா. மிரானுக்கும் தெரியும், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை, பார்த்திருந்தால் சிரித்திருப்போம் அல்லது அழுதிருப்போம். பாதிக் கள்ளைக் குடித்திருந்த உன் அப்பாவுக்கு மட்டும் இன்றுவரை தெரியாது, மறுநாளே சைக்கிளில் போய்த் தந்தி அடித்துவிட்டு வந்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னன்னா என்று சொன்னாரே, அதற்குப் பிறகு என்ன. வாய் ஆறியதும் அந்த மிச்ச வாக்கியம் வெளியே வருமே. போவுன் மலையிலிருந்து தபால்காரர் ஏதாவது கொண்டுவருகிறாரா என்று பார்த்துப் பார்த்து நான் உரித்த மிதொதோக்கில் பாதி தொய்ந்துபோனது. வியாபாரி முகத்தைச் சுளித்தான்.

கடிதம் வரவில்லை, அவரே வந்தார். நேற்றைக்கு முன்தினம், தனியாக, கையில் காய்ந்த இலந்தைப்பழ மூட்டையோடு படகுத்துறைக் கொட்டகைக்கே வந்து நின்றார். கூட உரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு, "யோன்சிம்முக்காக அழுதாரே, அந்தச் சம்பந்தி" என்று குசுகுசுத்தார்கள். அவர் காதில் விழுந்திருக்கும், காது சிவந்தது. நான் கத்தியை வைத்துவிட்டு அவரைப் படகுகளுக்குப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். இதற்குப் பிறகு நடந்தது மிரானுக்கே இப்போதுதான் தெரிகிறது, எழுதுவதை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"அன்னிக்கு நான் ஒண்ணு சொல்ல வந்தேன் சம்பந்தி" என்றார். "சொல்லுங்க" என்றேன். கடலைப் பார்த்தார், படகைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். பிறகு, "வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார். ஒற்றை ஆளாக விமானம் ஏறிப்போன கடற்கரைப் பெண் மலையில் வந்து மூத்த மருமகளாக முன்னோர் படையலெல்லாம் செய்வாளா என்று அவருக்குச் சந்தேகம். ஊரில் மில்லுக்காரர் மகளை மனதில் வைத்திருந்தாராம். அதைப் பக்குவமாகச் சொல்லத்தான் அவ்வளவு நேரம் சொல் தேடியிருக்கிறார். "வாய் ஆறட்டும், ஒரு கடுதாசி போட்டுடலாம்னுதான் ஊருக்குப் போனேன். அதுக்குள்ள எம் பொண்டாட்டி நான் அழுத கதைய ஊர் பூரா சொல்லிட்டா. மில்லுக்காரன் வந்து என் கையப் புடிச்சுக்கிட்டு, உன்னயக் கல்லுன்னுல்ல நெனச்சேன், பெத்த மனசு எனக்கு மட்டுமா இருக்குன்னு சொல்லி அழுவுறான். அவன்கிட்ட நான் என்னத்தச் சொல்ல? முன்னெல்லாம் தெருவுல நான் போனா பிள்ளைங்க ஒதுங்கும். இப்ப ஒரு பொடிசு வந்து பட்டம் அறுந்துபோச்சு, கட்டிக் குடுங்கன்னு கேக்குது."

இலந்தைப்பழ மூட்டையைப் படகு விளிம்பில் வைத்துவிட்டு, "வீட்டுக்காரி எனக்குச் சோத்தப் போட்டுட்டு அடுக்களைக்குள்ள போயிடுவா, கட்டிக்கிட்ட நாள்லேருந்து அப்படித்தான். இப்ப எதுத்தாப்புல ஒக்காந்து பேசறா. அவளுக்குள்ள இவ்வளவு பேச்சு இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாது. பக்கத்து வீட்டு மாட்டப் பத்திப் பேசறா, அவ பொறந்த ஊரு ஆத்தப் பத்திப் பேசறா. நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. இப்பப் போயி, அது கொழம்பு சுட்டதால வந்த தண்ணின்னு சொன்னேன்னா..." என்று நிறுத்திவிட்டார். இந்தத் தடவை வாயில் எதுவும் இல்லாமலே வாக்கியத்தைப் பாதியில் விட்டார்.

நான், "எந்தக் கொழம்பச் சொல்றீங்க? அன்னிக்கு நீங்க கண்கலங்கினதுல, என்ன சமைச்சேன்னே எனக்கு மறந்துபோச்சு" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். தாடிக்குள் ஏதோ அசைந்தது, சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஊர் வாய்க்குப் பயந்து மட்டும் ஒருவர் உன்னை மருமகளாக ஏற்பதில் எனக்குச் சம்மதமில்லை. அதனால் நானே, "பொண்ணப் பத்தி நெசமாத் தெரிஞ்சுக்கணும்னா கேளுங்க" என்றேன். கேட்டார். அவள் பிடிவாதக்காரி என்றேன். பெயர் தெரியாத மனிதர்களுக்கு ராத்திரி முழுக்கக் கண்விழித்துப் பண்டுவம் பார்க்கிறவள் என்றேன். படையல் வேலை வருமா என்றார். "சொல்லிக் குடுத்தா செய்வா, திட்டினா செய்யமாட்டா" என்றேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, "நானும் அப்படித்தான்" என்றார். பிறகு, வசந்தம் வேண்டாம், வேலை நெருக்கும், அதே வருஷம் இலையுதிர் காலத்தில் அறுவடை முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று அவராகவே நாளைத் தள்ளினார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. வேண்டாத கல்யாணத்துக்கு யாரும் அறுவடையைக் கணக்குப் பார்க்க மாட்டார்கள்.

ஆகவே மகளே, தந்தியில் இருந்த வசந்தத்தை அடித்துவிட்டு இலையுதிர் காலம் என்று வைத்துக்கொள், அதற்கேற்ப விடுப்புக்கு இப்போதே சொல்லி வை. இதைச் சாங்க்வொனுக்குப் படித்துக் காட்டாதே. அப்பா தனக்காக அழுதார் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொண்டிருக்கட்டும், சுரங்கத்துக்குள் இறங்குகிறவனுக்கு அந்த நினைப்பு துணையாக இருக்கும். உன் அப்பாவிடமும் மூச்சு விடாதே. நீ மருமகளாகப் போன பிறகு உன் மாமியார் அந்தக் கதையை நூறு தடவை சொல்வாள், நீ சிரித்துவிடாமல் ஒவ்வொரு தடவையும் தலையைக் குனிந்துகொள். உனக்கு நெத்திலிக் கருவாடும் கடற்பாசியும் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன், கருவாட்டை வறுக்கும்போது ஜன்னலைத் திறந்து வை, இல்லாவிட்டால் உன் வாடகை வீட்டுக்காரி நாற்றம் என்று மறுபடி போலீஸைக் கூப்பிடப் போகிறாள். மிதொதோக் கேட்டிருந்தாய். அது காய்ந்தால் ஒன்றுமே மிஞ்சாது, பாதி உடம்பு கடல் தண்ணீர்தானே, நீ வந்துதான் சாப்பிட வேண்டும். (அக்கா, எனக்கு ஜெர்மன் மொழியில் கடல் உயிர்களைப் பற்றிப் படம் போட்ட புத்தகம் ஏதாவது கிடைத்தால் அனுப்பு. படிக்கத் தெரியாது, படத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.) உடம்பைப் பார்த்துக்கொள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக, பிள்ளைகுட்டிகளோடு நிறைந்து வாழ வேண்டும் என்று தினமும் கடலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டுதான் கத்தியைக் கையில் எடுக்கிறேன்.

சம்பந்தி பஸ் ஏறப் போகும்போது படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார். "ஒண்ணு கேக்க மறந்துட்டேன். பொண்ணு... சட்டுன்னு... அழுவுற சுபாவமா?" என்றார். இல்லை, அவள் லேசில் அழமாட்டாள் என்றேன். "நல்லது" என்றார். "வீட்டுக்கு ஒருத்தர் போதும்."

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுதியது மிரான்)